ஐந்து நிமிட வெயிலா, மூன்று மணி நேர வெயிலா? மலையேறிகளுக்கான சோலார் வாட்ச் அலசல்

மலை ஏறப் போன் போதாதா, வாட்ச் எதற்கு என்று கேட்பவர்கள், மழையில் நனைந்த கையோடு, மறு கையில் மூங்கில் தடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை போனை எடுத்துத் தேய்த்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

சரி, வாட்ச் வாங்குவது என்று முடிவு செய்து தேடினால், 'சோலார்' என்ற ஒரே பெயரோடு இரண்டு வேறு ரகங்கள் வந்து நிற்கும். ஒன்று கேசியோவின் ப்ரோ ட்ரெக் வரிசை. திசைகாட்டி, காற்றழுத்தமானி, வெப்பமானி மூன்றும் உள்ளே இருக்கும்; உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடும். நான் இங்கே பேசும் பிஆர்ஜி, பிஆர்டபிள்யூ மாடல்களில் ஜிபிஎஸ் கிடையாது. இன்னொன்று கார்மின் இன்ஸ்டிங்க்ட் சோலார். அதே சென்சார்கள், கூடவே ஜிபிஎஸ், இதயத்துடிப்பு, போனில் வரும் செய்தி எல்லாம் உண்டு. இவற்றோடு சோலாரே இல்லாத சூன்டோ கோர் வாட்சையும் சேர்த்துக்கொள்கிறேன். சிஆர்2032 பட்டன் பேட்டரியில் ஓடும் பழைய ஆள். இவன் எதற்கு என்பது போகப் போகத் தெரியும். சிட்டிசனின் ஆல்டிக்ரான் முள் வாட்ச். சோலார்தான், பார்க்கவும் அழகு. ஆனால் நடந்துகொண்டே முள்ளைப் பார்த்து உயரம் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

முதலில் வெயில் கணக்கு. கேசியோ, கார்மின் இரண்டும் கணக்குக்கு எடுத்துக்கொள்வது ஒரே வெளிச்சம்தான்: 50,000 லக்ஸ், அதாவது நல்ல பகல் வெயில். அந்த வெயிலில் கேசியோவின் பல 'டஃப் சோலார்' (அவர்கள் சோலார் வாட்சுகளுக்கு வைத்த பெயர்) மாடல்கள் ஒரு நாள் செலவை ஈடுகட்டக் கேட்பது சுமார் 5 நிமிடம். மேகம் மூடிய நாளில் ஜன்னலோரம் வைத்தால் முக்கால் மணி நேரம். வீட்டு டியூப்லைட் வெளிச்சம் மட்டும்தான் என்றால் 8 மணி நேரம். கார்மின் தன் பேட்டரி நாள்களைச் சொல்லும்போது வைத்துக்கொள்ளும் நிபந்தனையோ தினமும் 3 மணி நேர வெயில்.

சோலார் தகடு நல்லது, கெட்டது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. உள்ளே சாப்பிடும் வாய் எத்தனை என்பதுதான் விஷயம். ப்ரோ ட்ரெக் பெரும்பாலும் தூங்கி, முக்கியமாகப் பட்டனை அழுத்தும்போதுதான் சென்சாரை எழுப்புகிறது. இன்ஸ்டிங்க்ட் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டே, போனோடு பேசிக்கொண்டே இருக்கிறது. 2020-ல் வந்த முதல் இன்ஸ்டிங்க்ட் சோலாருக்கு வெயில் இல்லாமல் 24 நாள், வெயிலோடு 50 நாள் என்று சொன்னார்கள். 2022-ல் வந்த இன்ஸ்டிங்க்ட் 2 சோலார், 3 மணி நேர வெயில் இருந்தால் அளவில்லாமல் ஓடும் என்றார்கள். ஆனால் ஜிபிஎஸ்ஸைப் போட்ட நிமிடமே அந்த 'அளவில்லாமல்' காணாமல் போய்விடுகிறது: 30 மணி நேரம், நடை முழுக்க வெயில் கிடைத்தால் 48.

தினம் 3 மணி நேரம் மணிக்கட்டில் வெயில் படுவது யாருக்கு? கழனியில் நிற்பவருக்கு, போக்குவரத்துக் காவலருக்குப் படும். கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு மாதம் ஒரு மலை ஏறும் நமக்குப் படாது. மலைக்குப் போனாலும் சோலைக்காட்டுக்குள் நுழைந்துவிட்டால் பகலிலேயே அந்திபோல இருக்கும். அதோடு குளிருக்கும் முள்ளுக்கும் பயந்து முழுக்கைச் சட்டை போட்டு, வாட்சை அதற்குள் மறைத்துவிடுகிறோம். ஆகவே இன்ஸ்டிங்க்ட் சோலாரை 'நல்ல பேட்டரி உள்ள சார்ஜ் வாட்ச், வெயில் கொஞ்சம் கைகொடுக்கும்' என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. சார்ஜரே வேண்டாம் என்று நினைத்து வாங்கினால் வருத்தம்தான் மிஞ்சும்.

கேசியோவின் 5 நிமிடத்திலும் ஒரு சின்ன எழுத்து இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை விளக்கு, மாதத்தில் இருபது தடவை திசை, மாதம் ஒரு மலை என்ற சிக்கனக் குடும்பத்துக்கான கணக்கு அது. வெள்ளியங்கிரியில் ராத்திரி ஏறும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விளக்கைப் போட்டு, 'இன்னும் எவ்வளவு உயரம்' என்று பார்க்கும் நம்மை அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பேட்டரி 'எல்' (குறைவு) நிலைக்கு இறங்கினால் சென்சார்கள் நின்றுவிடும், மணி மட்டும் காட்டும். அதனால் கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்து 'ஹெச்' (நிறைவு) வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் ஏறட்டும் என்று மே மாத வெயிலில் கார் டாஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சூடு பேட்டரிக்கும் ஆகாது, திரைக்கும் ஆகாது.

அடுத்து உயரம். இதில் எந்த வாட்சும் கடவுள் இல்லை. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவை வாட்ச் மீட்டராக மாற்றிச் சொல்கிறது. ஆனால் வெப்பமண்டலத்தில் நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அழுத்தம் மாறும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல். சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தில் படுத்துக் கிடந்தாலே வாட்ச் கணக்கில் 25 மீட்டர் ஏறியிருப்பீர்கள்! இந்த இடத்தில் சூன்டோ கோர் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. தானியங்கி நிலையில் வைத்தால், நாம் நகரவில்லை என்று கண்டதும் வெறும் காற்றழுத்தமானியாக மாறிக்கொண்டு, உயரத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். இன்ஸ்டிங்க்ட் ஜிபிஎஸ்ஸைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். ப்ரோ ட்ரெக்கில் நாமேதான் திருத்த வேண்டும்.

திருத்துவதற்கு நம் ஊரில் ஓர் அருமையான வசதி உண்டு: ரயில் நிலைய மஞ்சள் பலகை. ஊர்ப் பெயரோடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுதியிருக்கும். நீலகிரி மலை ரயில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. மேட்டுப்பாளையத்தில் சரியாக வைத்துவிட்டு ஊட்டியில் இறங்கிப் பாருங்கள், வாட்ச் 80, 100 மீட்டர் குறைத்துக் காட்டலாம். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கடல்மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போகக் குறையும் என்ற பொது அளவை வைத்துத்தான் வாட்ச் கணக்குப் போடுகிறது. நம் காற்று அதைவிடச் சூடு. சூடான காற்று லேசானது. அதில் ஏறும்போது அழுத்தம் மெதுவாகக் குறைகிறது. 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கு நூற்றுக்கு நாலு மீட்டர் போய்விடும். விலை கூடிய சென்சார் வாங்கினாலும் இந்தப் பிழை போகாது. பழைய ப்ரோ ட்ரெக்குகள் 5 மீட்டர் படியாகக் காட்டின. 2013-ல் வந்த பிஆர்டபிள்யூ-3000 முதல் 1 மீட்டர் படி. இந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்டால், நம் மலைகளுக்கு வேண்டாம் என்பேன்.

புயல் எச்சரிக்கையும் இதே கதைதான். 3 மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் சூன்டோ கோர் அலறும். ப்ரோ ட்ரெக்கின் சில மாடல்களிலும் அழுத்தம் சட்டென்று மாறினால் அம்புக்குறி வரும். ஐரோப்பாவில் பெரிய மழை மேகத்திரள் வரும்போது அழுத்தம் நன்றாக இறங்கும், அங்கே அது உதவும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சித்திரை மாதம் மூன்று மணிக்குத் திரண்டு நாலு மணிக்கு இடியோடு கொட்டும் மழை, அழுத்தத்தில் அப்படி எந்த அறிகுறியும் காட்டாமலே வந்துவிடும். அந்த மழைக்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

திசைகாட்டி எல்லாவற்றிலும் போதுமான அளவு நன்றாக இருக்கிறது. தென்னிந்தியாவில் திசைகாட்டி காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தில் உள்ள உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். வெப்பமானி கையில் இருக்கும்வரை நம் உடம்புச் சூட்டைத்தான் சேர்த்துச் சொல்லும். கழற்றித் தொங்கவிட்டு அரைமணி நேரம் கழித்துப் படிக்க வேண்டும்.

ஜிபிஎஸ் வேண்டுமா என்பது எங்கே நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வனத்துறை வழிகாட்டி முன்னால் போகும் தமிழ்நாட்டுத் தடங்களில் அதன் தேவை குறைவு. இமயமலையில் பனிமூட்டத்துக்குள், வந்த வழியே திரும்ப வேண்டிய இடத்தில், இன்ஸ்டிங்க்ட் காட்டும் திரும்பும் பாதைக்கு ப்ரோ ட்ரெக்கிடம் பதிலே இல்லை. அங்கே போகிறவர்கள் ஒரு பவர் பேங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கார்மினையே வாங்கலாம்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு ப்ரோ ட்ரெக்குக்கு. அதிலும் பிஆர்ஜி என்று தொடங்கும் மாடல்கள். பிஆர்டபிள்யூ என்றால் ரேடியோ அலை வாங்கித் தானே மணியைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்த அலையை அனுப்பும் நிலையங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில்தான் உள்ளன. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அதற்குக் காசு கொடுப்பது வீண்.

பழைய பிஆர்ஜி மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. பலவற்றில் உள்ளே இருப்பது சிடிஎல்1616 என்ற, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஆகும் பேட்டரி. அளவு ஒன்றுதானே என்று சாதாரண சிஆர்1616-ஐப் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரிக்குள் சோலார் தகடு சார்ஜை ஏற்றினால் அது ஒழுகலாம், வீங்கலாம். வாங்கும்போது பின்மூடியைக் கழற்றச் சொல்லி, பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.