சுங்கை சிப்புட்டில் விட்டுவைக்கும் ஓவியம்: காகிதமா, கல்லா?

முன்பின் தெரியாதவர் கண்டெடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஓவியத்தைப் பொது இடத்தில் விட்டுச் செல்லும் பழக்கம், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரத் தெருவோவியர் ‘மை டாக் சைஸ்’ என்பவர் வழியாக ‘ஃப்ரீ ஆர்ட் ஃப்ரைடே’ என்ற பெயரில் பரவியது; வண்ணம் தீட்டிய கற்களை விட்டுவைக்கும் ‘கைண்ட்னஸ் ராக்ஸ்’ முயற்சியோ 2015இல் அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் தொடங்கியது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகருக்கு இவற்றுள் எது பொருந்தும்?

காகித ஓவியம் எளிதில் கண்ணில் படும். ஆனால் பிற்பகல் மழைக்குத் தாங்காது. பிளாஸ்டிக் உறையிலிட்டாலும் உள்ளே ஈரம் கோத்துக் காகிதம் நெளிந்துவிடும் என்பதால், கடைவரிசையின் ஐந்தடியில் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) தூணோரமாக வைப்பதே நல்லது. ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய சீட்டு இல்லையென்றால், யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் என்று நினைத்து மக்கள் அதைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அந்த நேர்மையைக் குறைசொல்லவும் முடியாது.

கல்லுக்கு இந்தக் கவலைகள் குறைவு. அக்ரிலிக் வண்ணம் நன்றாகக் காய்ந்தபின், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான வார்னிஷை இரண்டு முறை பூசினால் மழையை வெகுவாகத் தாங்கும். ஆயினும் புல்தரையில் வைக்கவே கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி பட்டால் கல் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். மரத்தடியும் வேண்டாம்: அங்கே வண்ணம் பூசிய கல்லைக் கண்டால் நம்மவர்கள் கும்பிடுவார்களே தவிர, எடுக்க மாட்டார்கள். பேருந்து நிலைய இருக்கையின் ஓரத்தில் வைக்கும் கல்லே என் தேர்வு. நுணுக்கமான கோட்டோவியம் வரைபவருக்கு மட்டும் காகிதம்தான் இடம் தரும்.