உசாத்துணைக்கு சோட்டெரோ: கிளிநொச்சியிலிருந்து ஒரு பாவனையாளர்

இரணைமடு நீர்ப்பாசனம் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து சோட்டெரோவைத்தான் பாவிக்கிறேன். இப்போது படிக்கிற பிள்ளைகளின் மடிக்கணினியிலும் முதலில் இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். கட்டுரைகளின் விபரங்களைச் சேர்த்து வைத்து, மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும் போட்டுத் தரும் மென்பொருள் இது. 2006 இல் வந்தது, முழுக்க இலவசம். சேர்த்ததெல்லாம் நம் கணினியிலேயே இருப்பதால், டேட்டா முடிந்தாலும் வேர்டில் மேற்கோள் போடும் வேலை நிற்காது. சோட்டெரோவின் இணையச் சேமிப்பில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 300 எம்பிதான். பிடிஎஃப்களை அங்கே ஏற்றாமல் விடுவது நல்லது.

ஆனால் உள்ளே வரும் விபரத்தை அப்படியே நம்பக்கூடாது. நூலகத் தரவுத்தளத்தில் கட்டுரையைத் திறந்து பிரவுசரில் உள்ள சோட்டெரோ பொத்தானை அழுத்தும்போது, சில பக்கங்களை அது வெறும் வலைப்பக்கமாகப் பதிந்துவிடும். அப்புறம் சஞ்சிகைப் பெயர், தொகுதி, பக்கம் எதுவும் உசாத்துணையில் வராது.

லிங்க் விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வீட்டிலிருந்து நூலகக் கணக்கால் நுழைந்தால் மேலே தெரியும் முகவரி அந்த நுழைவுக்கு மட்டும் உரியது. மாங்குளத்திலிருந்து இன்னொருவர் அதை அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும் பக்கம்தான் வரும். அதற்குப் பதிலாக, 10 என்று தொடங்கும் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள நிலையான அடையாள எண்ணை, தேடி எடுங்கள். பெரும்பாலும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். உசாத்துணை எழுதும் முறைகளில் ஒன்றான ஏபிஏயின் ஏழாம் பதிப்பில் டிஓஐ போதும், ஜேஸ்டோர் போன்ற தரவுத்தளத்தின் பெயர் தேவையில்லை. எம்எல்ஏ என்ற இன்னொரு முறையைக் கேட்கும் பாடமென்றால் அந்தப் பெயரும் சாய்வெழுத்தில் வரவேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நம்மவர் பெயர்கள். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் கடைசியில் என்பது நம் வழக்கம். உசாத்துணையில் முன்னுக்கு நிற்க வேண்டியது சொந்தப் பெயர். சில தரவுத்தளங்கள் இதைத் திருப்பிப் பதிந்திருக்கும். அப்போது ஒரே ஆசிரியர் பட்டியலில் இரண்டு பேராகத் தெரிவார், அல்லது வெறும் முதலெழுத்து மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆண்டோடு நிற்கும். பிடிஎஃப்பின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டு, சோட்டெரோவில் பெயரின் இரண்டு பாகங்களையும் இடம் மாற்றினால் சரி. வயலிலும் குளக்கட்டிலும் நின்று தரவு சேர்த்த ஒருவரின் பெயரைப் பிழையாக அச்சிடுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

முழுதும் பெரிய எழுத்தில் வரும் ஆங்கிலத் தலைப்புகளையும் ஒரு சொடுக்கில் மாற்றலாம். மாற்றியதும் இரணைமடு, கிளிநொச்சி எல்லாம் சின்ன எழுத்தில் தொடங்கியிருக்கும், திருத்திவிடுங்கள். வெளியான பிறகு சஞ்சிகையால் மீளப்பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கை காட்டுவது பெரிய உதவி.

‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் எடுக்கும் பழைய தமிழ் மலர்களின் விபரங்களை நான் கையால்தான் பதிகிறேன். நேரம் எடுக்கும். மலரை வெளியிட்ட சங்கம், ஊர், ஆண்டு மூன்றையும் அட்டைப் படத்தைப் பார்த்தே எழுதுகிறேன்.