கேரவன் இழுக்கப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குபவர்கள் கவனத்திற்கு: நான் ஏமாற்றப்பட்ட விதம்

16 ஆண்டுகள் ஓடிய ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை, கேரவன் (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) இழுப்பதற்கென்றே பல மாதங்கள் தேடி வாங்கினேன். வாங்கிய பதினெட்டாம் நாள், முதல் மலையேற்றத்தின் பாதி வழியில், அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கைவிட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய, வண்டிக்குக் கொடுத்த விலையில் ஏறக்குறைய பாதி செலவாயிற்று. விற்றவரின் பெயரையும் வண்டியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வண்டியை உருவாக்கியவர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல வண்டிதான், அதன் நோயை மறைத்து என்னிடம் விற்றுவிட்டார்கள். எதை, எப்படி மறைத்தார்கள் என்பதைப் பணிமனையில் ஒவ்வொன்றாகக் கழற்றியபோதுதான் கண்டேன். இதே நோக்கத்துடன் பழைய வண்டி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கேரவனின் காலி எடை 1,950 கிலோ. தண்ணீர், எரிவாயு உருளை, பாத்திரம், துணிமணி எல்லாம் ஏற்றினால் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 2,500 கிலோ. இந்த எடைக்குக் கனமான, அகன்ற, இழுவிசை மிகுந்த டீசல் வண்டி வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஏணி வடிவ சேஸிஸ் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) தனியாகவும் அதன்மேல் உடல் தனியாகவும் அமைந்தவை மட்டுமே இழுவைக்கு ஏற்றவை என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். 1990இல் வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையும் 1997இல் வந்த நிசான் பேட்ரோல் ஒய்61உம் அந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் 1999இல் வந்த மூன்றாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ சேஸிஸை உடலோடு இணைத்தே கட்டப்பட்டது. அதைக் கொண்டும் பலர் பெரிய கேரவன்களை நல்லபடியாக இழுத்துச் செல்கிறார்கள். எந்த வகை என்பதைவிட, கண்முன் நிற்கும் அந்த ஒரு வண்டி கடந்த ஆண்டுகளில் என்ன இழுத்தது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதே முக்கியம். எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் விற்பவரின் பேச்சில் விட்டுக்கொடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி கழுவித் துடைத்து வாசலிலேயே நின்றது. போனட்டின் மேல் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. "நீங்க வர்றீங்கன்னு உள்ளேயிருந்து எடுத்து வெளியே விட்டேன் சார்" என்றார் விற்பனையாளர். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். பழைய டீசல் எஞ்சினும் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் தம் உடல்நிலையைச் சொல்வது இரவு முழுக்க நின்று குளிர்ந்திருக்கும் வேளையில்தான். கிளம்பத் தயங்குகிறதா, கிளம்பியதும் என்ன நிறத்தில் புகைக்கிறது, நெம்புகோலை டி-க்கு (முன்னோக்கி ஓட்டும் நிலைக்கு) தள்ளியதும் கியர் உடனே பிடிக்கிறதா அல்லது இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டு உதைத்துக்கொண்டு பிடிக்கிறதா என்பவற்றை அப்போது மட்டுமே பார்க்க முடியும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் இவற்றில் பெரும்பகுதி மறைந்துவிடும். வண்டியைத் தொடாமல் வைத்திருங்கள் என்று முதல் நாளே சொல்லியும், போய்ப் பார்க்கும்போது எஞ்சின் சூடாக இருந்தால், தயவுசெய்து அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். இன்னொரு நாள் காலையில் போகலாம்.

அடுத்து, கியர்பாக்ஸின் அளவுகோலை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை) உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். ஆயில் செக்கச்செவேலென்று தெளிவாக இருந்தது, தீய்ந்த வாடை துளியும் இல்லை. ஆயில் கறுத்திருந்தால் கெட்டது, சிவந்திருந்தால் நல்லது என்று படித்திருந்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது. 16 வயதான, பின்புறம் இழுவைக் கொக்கி பொருத்திய ஒரு வண்டியில் ஆயில் ஏன் இத்தனை புதிதாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். எப்போது மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், ரசீது எங்கே என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

அந்த ஆயிலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இழப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பல பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு குழாய், ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். வெளியே கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்), உள்ளே ஆயில், நடுவில் மெல்லிய ஓர் உலோகச் சுவர். ஆண்டுக்கணக்கில் கூலன்ட் மாற்றாமல் விட்டால் அந்தச் சுவர் அரித்து ஓட்டை விழும். அப்போது இரண்டும் கலந்து, இளஞ்சிவப்பு நிறத்தில் பால் கலந்த பானம் போல நுரைத்துப்போகும். கூலன்டில் உள்ள தண்ணீரும் கிளைகால் என்ற வேதிப்பொருளும் கியர்பாக்ஸுக்குள் புகுந்தால், கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பட்டை ஊறித் தட்டைவிட்டு உரியத் தொடங்கும். அதன்பின் ரேடியேட்டரை மாற்றலாம், ஆயிலை நான்கு முறை வடித்துப் புதிதாக ஊற்றலாம், அளவுகோலில் அழகான சிவப்பு தெரியும்; ஆனால் ஊறிப்போன பட்டை பழைய நிலைக்கு வராது. சுமையில்லாமல் சமதளத்தில் ஓட்டினால் வாரக்கணக்கில் தாங்கும். இரண்டரை டன்னைப் பின்னால் மாட்டி மலையேறினால் தாங்காது. என் வண்டியில் நடந்தது இதுதான். ரேடியேட்டர் புத்தம்புதிதாக இருந்ததை அன்று ஒரு சிறப்பம்சமாக எடுத்துச் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

பழைய வண்டியில் ரேடியேட்டர் மட்டும் புதிதாக இருந்தால், கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து உட்புறத்தில் விரலால் தடவிப் பாருங்கள். எத்தனை முறை கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையத்தின் இடுக்கிலும் குழாய்களின் உள்பக்கத்திலும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். என் வண்டியில் அது பதினெட்டு நாட்களுக்குப் பிறகும் இருந்தது.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது ஒரு சின்ன விளக்கு. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்தினால், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும்; சில விளக்குகள் சில நொடிகளிலும், மற்றவை எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். என் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தைக் காட்டும் விளக்கு மட்டும் எரியவில்லை. நான் கவனிக்கவில்லை, அப்படியொரு விளக்கு இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பணிமனையில் டேஷ்போர்டைக் கழற்றிய மெக்கானிக், அந்த இடத்தின் பின்புறம் கறுப்பு நாடாத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்ததைக் காட்டினார். அந்த விளக்கு எரிந்திருந்தால் மலையடிவாரத்திலேயே ஓரங்கட்டியிருப்பேன். என்னையும் என் மனைவியையும், பின்னால் வந்தவர்களையும் ஆபத்தில் தள்ளக்கூடிய வேலை இது. வண்டி பார்க்கப் போகும் முன் வாகனக் கையேட்டைத் தேடி எடுத்து, எந்தெந்த விளக்குகள் எரிய வேண்டும் என்று குறித்துக்கொண்டு போவதற்குக் கால் மணி நேரம் போதும்.

இனி எடைக் கணக்கு. "3,000 கிலோ தாராளமா இழுக்கும் சார்" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். அந்த எண் பொய்யில்லை, கையேட்டிலும் அது உண்டு. ஆனால் அதே கையேட்டில், வண்டியின் மொத்த எடை 2,900 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும், வண்டியும் இழுவையும் சேர்ந்து 5,000 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும் இருந்தது. அதாவது, வண்டியை முழுக்க நிரப்பினால் இழுப்பதற்கு மிச்சம் 2,100 கிலோதான். எங்கள் வண்டி முழு டேங்க் டீசலுடன் 2,250 கிலோ. முன்பக்க இரும்புத் தடுப்பும் கூரைச் சட்டமும் 120 கிலோ. நாங்கள் இருவரும் சாமான்களும் 250 கிலோ. ஆக 2,620. கேரவனின் 2,500ஐச் சேர்த்தால் 5,120 கிலோ. வண்டி பழுதில்லாமல் இருந்திருந்தாலும் வரம்பை 120 கிலோ தாண்டியே போயிருப்போம் என்பதைப் பிறகுதான் கணக்கிட்டேன். பல வண்டிகளில் கதவுச் சட்டத்திலோ போனட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் இந்த எடைகள் பொறிக்கப்பட்டிருக்கும். வாயால் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு அந்தத் தகட்டைப் படியுங்கள்.

கொக்கியின் மேல் கேரவன் அழுத்தும் எடைக்கும் தனிக் கணக்கு உண்டு. எங்களுக்கு அது 230 கிலோ. கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது, இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2.7 மீட்டர். நெம்புகோல் தத்துவப்படி, பின் அச்சில் கூடும் சுமை 230 இல்லை, ஏறக்குறைய 332 கிலோ; முன் அச்சிலிருந்து 102 கிலோ தூக்கப்பட்டுவிடும். முன் சக்கரங்கள் இலகுவானால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் தளரும். பின்புற ஸ்பிரிங்குகள் தொய்ந்த பழைய வண்டியில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் தாங்க வேண்டிய, கொக்கி பொருத்தப்பட்ட இழுவைச் சட்டம் அசல் நிறுவனத்துடையது அன்று. அதன் தகட்டின் மேல் கனமாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். மெக்கானிக் சுரண்டியபோது 2,000 கிலோ, 100 கிலோ என்று இரண்டு எண்கள் தெரிந்தன: இழுக்கக்கூடிய எடை முதலாவது, கொக்கியின் மேல் அமரக்கூடிய எடை இரண்டாவது. எஞ்சினின் வலிமை எதுவாக இருந்தாலும், வண்டி, சட்டம், கொக்கி ஆகியவற்றில் மிகக் குறைந்த எண் எதுவோ அதுவே வரம்பு. தகடு படிக்க முடியாதபடி இருக்கும் சட்டத்தில் எதையும் மாட்ட வேண்டாம்.

வண்டியின் அடிப்பாகம் முழுவதும் அதே கறுப்பு வண்ணம்தான். "மேலெல்லாம் கீறலா இருக்கு, அடியில மட்டும் ஏன் இவ்வளவு புதுசா இருக்கு?" என்று என் மனைவி அன்றே கேட்டார். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது என்று பதில் வந்தது. அந்தப் பூச்சுக்கு அடியில், பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளையும் இடத்தில், துரு உள்ளிருந்து தின்று ஒரு கைப்பிடி நீளத்துக்கு மெலிந்திருந்தது. படகு இழுத்த வண்டிகளில் இது அதிகம் என்று மெக்கானிக் சொன்னார். படகைக் கடலில் இறக்கும்போது வண்டியின் பின்பாதி உப்புத் தண்ணீரில் இறங்குகிறது, பெட்டி வடிவ சேஸிஸின் துளைகள் வழியே உள்ளே புகுந்த நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்றும் அரித்த இரும்பு மந்தமாகவும் ஒலிக்கும். சட்டம் சேஸிஸில் பொருந்தும் போல்ட்டுகளைச் சுற்றிலும், ஸ்பிரிங் அமரும் இடங்களிலும் கட்டாயம் தட்டிப் பாருங்கள்.

பழுதான அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் எஞ்சின் சுற்று திடீரென உயர்ந்தது, வேகம் கூடவில்லை. மிதியை அழுத்த அழுத்த வண்டி தளர்ந்துகொண்டே வந்தது. பிறகு தீய்ந்த நெடி. பின்னால் லாரிகள் காத்து நிற்க, கேரவனின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு மனைவியைச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொன்னேன். இழுவை வண்டி வர நான்கு மணி நேரமாயிற்று.

விற்பனையாளர் மூன்று மாத கியர்பாக்ஸ் உத்தரவாதம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அழைத்தபோது, கொடுத்த தாளின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். இழுவையின்போது ஏற்படும் பழுதுகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அங்கே சிறிய எழுத்தில் இருந்தது. கேரவன் இழுக்கத்தான் வாங்குகிறேன் என்று முதல் வார்த்தையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். கொக்கியைக் காட்டித்தான் அவர் வண்டியையே விற்றார். நான் சொன்ன நோக்கம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை என்பதால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எதற்காக வாங்குகிறீர்கள், எவ்வளவு எடை இழுக்கப் போகிறீர்கள் என்பதை விற்பனைத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வேறொருவர் சோதித்ததாக என்னிடம் காட்டிய தாள், விற்பனையாளருடைய சொந்தப் பணிமனையிலிருந்து வந்தது என்பதும் பிறகே தெரிந்தது. நம்முடைய மெக்கானிக்கை நாமே அழைத்துப்போவதற்கு ஆகும் செலவு, நான் இழந்ததோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

கியர்பாக்ஸைப் புதுப்பித்து, ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு வெளியே தனிக் கூலர் பொருத்தியாயிற்று. ஆனாலும் மெலிந்த சேஸிஸை நம்பி அந்த வண்டியில் கேரவனை மாட்ட எனக்கு மனமில்லை; அடுத்து வாங்குபவரிடம் கொடுப்பதற்காக எல்லாப் பழுதுகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது வேறொரு வண்டியை, அதன் உரிமையாளரிடமே நேரில் பேசிப் பார்த்துவருகிறேன். சேவை ரசீதுகள் அனைத்தையும் கோப்பாக வைத்திருக்கிறார். ஞாயிறு காலை நான் வரும்வரை கிளப்ப மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கும் என்னோடு வருகிறார்.