சத்தமில்லாத கம்ப்ரசரா, சக்தி மிகுந்த கம்ப்ரசரா: இரண்டையும் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

வீட்டுப் பட்டறைக்கு ஏர் கம்ப்ரசர் வாங்க நினைப்பவருக்கு முதலில் எழும் குழப்பம், சத்தம் குறைந்த எண்ணெயில்லா வகையை எடுப்பதா, இரைந்தாலும் காற்றை அள்ளித் தரும் எண்ணெய் வகையை எடுப்பதா என்பதுதான். நான் எண்ணெய் வகையை முதலில் வாங்கி மூன்று ஆண்டுகள் அதை மட்டுமே வைத்து வேலை செய்தேன். பிறகு சத்தம் குறைந்த ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளாக அதையும் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் இப்போதும் என் பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஒரே வேலையை இரண்டிலும் செய்து பார்த்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட முடிந்தது.

எண்ணெய் வகையான பெரியது 2 ஹெச்.பி. மோட்டாரும் 50 லிட்டர் தொட்டியும் கொண்டது. மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இணைந்திருப்பதால் பிஸ்டன் நிமிடத்துக்கு 2,850 முறை மேலும் கீழும் ஓடுகிறது. சத்தம் குறைந்த, எண்ணெயில்லா வகையான சிறியதில் 1 ஹெச்.பி. மோட்டார், 24 லிட்டர் தொட்டி, இரண்டு பிஸ்டன்கள். சுழற்சி வேகம் ஏறத்தாழ 1,400. இரண்டுமே 8 பார் அழுத்தத்தை எட்டியதும் தாமாக நிற்கும். 6 பாருக்கு இறங்கியதும் மீண்டும் ஓடத் தொடங்கும்.

கைப்பேசிச் செயலியில் ஒரு மீட்டர் தொலைவில் வைத்து அளந்தபோது சிறியது 63 டெசிபெல், பெரியது 87 டெசிபெல் என்று காட்டின. செயலியின் அளவீடு ஆய்வுக்கூடத் துல்லியம் உடையதன்று. ஆனால் ஒரே கருவியால், ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அளந்ததால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நம்பலாம். அந்த 24 டெசிபெல் என்பது எண்ணாகப் பார்க்கையில் பெரிதாகத் தெரியாது. டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. ஆக, பெரிய இயந்திரம் ஏறக்குறைய 250 மடங்கு ஒலி ஆற்றலை வெளியிடுகிறது. காதுக்கு ஐந்து மடங்கு இரைச்சலாகப் படுகிறது. சிறியது ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் சற்றே குரலை உயர்த்திப் பேசிவிடலாம். பெரியது ஓடும்போது கையால்தான் பேச வேண்டும்.

இதில் காதின் நலனும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் எனப்படும் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு நாளைக்கு 85 டெசிபெல்லில் 8 மணி நேரத்தையே எல்லையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. நான்கு சுவர்களுக்குள் ஒலி எதிரொலித்து இன்னும் கூடும் என்பதால், பெரிய இயந்திரத்தோடு ஒரே அறையில் நிற்கும்போது காது அடைப்பான் இல்லாமல் நான் ஒரு நிமிடமும் வேலை செய்வதில்லை. முதல் ஆண்டில் அடைப்பான் அணியாமல் வேலை செய்த மாலைகளில் காதுக்குள் நெடுநேரம் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தாமல் விட்டது தவறு.

விற்பனைப் பட்டியலில் டெசிபெல் எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் எல்.பி.ஏ. என்ற ஒலி அழுத்த அளவைத் தருகிறார்கள். அது ஒரு குறிப்பிட்ட தொலைவில் நிற்பவர் காதில் விழும் சத்தம். வேறு சிலர் எல்.டபிள்யூ.ஏ. என்ற ஒலித்திறன் அளவைத் தருகிறார்கள். அது இயந்திரம் எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒலி. ஒரே இயந்திரத்துக்கு இரண்டாவது எண், ஒரு மீட்டரில் அளந்த முதல் எண்ணைவிட 8 முதல் 11 வரை கூடுதலாக வரும். என் பெரிய கம்ப்ரசரின் ஒட்டுத்தாளில் 97 என்று இருக்கிறது, அது எல்.டபிள்யூ.ஏ. அளவு. எந்த அளவு, எத்தனை மீட்டரில் எடுத்தது என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த எண்ணை வைத்து இரண்டு பொருட்களை ஒப்பிட முடியாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். ஒவ்வொரு முறை பிஸ்டன் கீழிறங்கும்போதும் காற்று உறிஞ்சு வால்வின் வழியே படபடவென்று இழுக்கப்படுகிறது. இரைச்சலின் பெரும் பங்கு இந்த இழுப்பில்தான் பிறக்கிறது. அதனுடன் மோட்டார் விசிறியின் ஓசையும், வெற்றுத் தகரம்போல அதிரும் தொட்டியின் ஓசையும் சேர்கின்றன. வேகம் கூடக்கூட இவை அனைத்தும் கூடுகின்றன. சத்தம் குறைந்த வகையில் வேகத்தைப் பாதியாக்கி, அதனால் குறையும் காற்றில் ஒரு பகுதியை இரண்டாவது பிஸ்டனால் ஈடுகட்டுகிறார்கள். அவ்வளவுதான் அதன் ரகசியம். இதனாலேயே அமைதி என்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரே எடையிலும் ஒரே மின்சாரத்திலும் மெதுவாக ஓடும் பம்பு குறைவான காற்றையே தரும்.

எவ்வளவு குறைவு என்பதைப் பெயர்ப்பலகை சரியாகச் சொல்லாது. பெரிய இயந்திரத்தின் பலகையில் நிமிடத்துக்கு 206 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. அது பிஸ்டன் உருளையின் கொள்ளளவைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிக் கிடைத்த எண். குழாயின் முனையில் நம் கைக்கு வரும் காற்று அதைவிட வெகுவாகக் குறையும். உண்மை அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெளிப்போக்கை மூடிவிட்டு, தொட்டி 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். தொட்டியின் லிட்டரை, ஏறிய பாரால் பெருக்கினால் அந்த நேரத்தில் உள்ளே போன காற்றின் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். பெரியதில் 50 லிட்டர் தொட்டிக்கு 2 பார் ஏற 48 வினாடி ஆயிற்று: 100 லிட்டர் காற்று, அதாவது நிமிடத்துக்கு 125 லிட்டர். சிறியதில் 48 லிட்டர் காற்று சேர 40 வினாடி: நிமிடத்துக்கு 72 லிட்டர். பலகையில் இருந்த 206 எங்கே, கையில் வந்த 125 எங்கே.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கருவிகளின் பக்கம் வந்தபோதுதான், நான் பல ஆண்டுகளாகத் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது: எந்த இயந்திரம் சிறந்தது என்பதல்ல, என் கருவி எவ்வளவு காற்று கேட்கிறது என்பதே கேள்வி. சிறு ஆணி அடிக்கும் துப்பாக்கி ஓர் ஆணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான காற்றையே எடுக்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் சிறிய இயந்திரம் மோட்டாரை ஓட்டாமலேயே ஐம்பது ஆணிகளுக்குக் காற்று தந்துவிடும். கார் டயரின் அழுத்தம் சற்றுக் குறைந்திருந்தால் நான்கு சக்கரங்களையும் சரிசெய்ய ஏறத்தாழ 40 லிட்டர் போதும். நுண்ணிய வண்ண வேலைக்கான ஏர்பிரஷ் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் அளவில் எடுப்பதால், மூன்று நிமிட அமைதியான வேலைக்குப் பின் சிறியது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடி மீண்டும் அடங்குகிறது. இந்த வேலைகளில் பெரிய இயந்திரத்தின் கூடுதல் காற்றுக்குப் பயனே இல்லை; சத்தம் மட்டும்தான் மிச்சம்.

மறுமுனையில், மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும், காற்றில் இயங்கும் சாண்டர் இருக்கிறது. அது நிமிடத்துக்கு 250 லிட்டர் வரை கேட்கும். நிறைந்த தொட்டியோடு தொடங்கினால் சிறியது பதினொரு, பன்னிரண்டு வினாடியில் 6 பாருக்கு வந்துவிடுகிறது. பெரியது 24 வினாடி தாங்குகிறது. அதன் பிறகு இரண்டிலும் மோட்டார் இடைவிடாமல் ஓடியும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போக, சாண்டர் சோர்ந்து நின்றுவிடுகிறது. ஒருமுறை சிறியதை வைத்து ஒரு மேசைப் பலகை முழுவதையும் தேய்க்க முயன்றேன். கால் மணி நேரத்தில், சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பக் காப்பு இயங்கி இயந்திரம் நின்றது, ஆறும்வரை மீண்டும் எழவில்லை. பெரியதிலும் அந்த வேலையைச் சரியாக முடிக்க முடியவில்லை என்பதே முக்கியம். ‘சக்தி மிகுந்தது’ என்று வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் இயந்திரம், உண்மையில் பசி மிகுந்த கருவிகளுக்குப் போதாது. தேய்க்கும் வேலைக்கு மின்சார சாண்டரை வாங்குவதே சரி.

ஆகவே பெரியதன் ஆட்சி இந்த இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய பரப்பில்தான் செல்லுபடியாகிறது. சக்கர நட்டுகளைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் அதில் ஒன்று. அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சராசரிக் காற்றளவு பெரும்பாலும் விட்டுவிட்டு இயக்கும் கணக்கில் தரப்படுவது. அழுத்திப் பிடித்தால் பல மடங்கு எடுக்கும். சிறியதில் இரண்டு மூன்று நட்டுகளுக்குப் பிறகு தொட்டி நிறையக் காத்திருக்க வேண்டும், பெரியதில் ஒரு சக்கரத்தைத் தடங்கலின்றி முடித்துவிடலாம். இங்கே குழாயின் உள்விட்டத்தையும் கவனிக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் குழாயில் திணறிய ரெஞ்ச், 10 மில்லிமீட்டர் குழாயை மாட்டியதும் வேறொரு கருவிபோல வேலை செய்தது. இன்னொன்று, நிமிடத்துக்கு 100 முதல் 150 லிட்டரில் இயங்கும் சிறு ஸ்பிரே கன். கதவு, நாற்காலி அளவிலான பொருள்களுக்குப் பெரியது வண்ணம் அடிக்க உதவுகிறது. சிறியதில் முயன்றால் மோட்டார் ஓய்வின்றி ஓடி, சூடான காற்று ஆற நேரமின்றிக் குழாய்க்குள் போய், ஈரம் துளித்துளியாக வண்ணத்தோடு வந்து விழுகிறது.

வண்ணத்தில் பெரியதற்கும் ஒரு குறை உண்டு. எண்ணெய் வகையில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் காற்றோடு கலந்து வரும். அவை பூச்சில் மீன் கண் போன்ற சிறு குழிகளை உண்டாக்கும். நல்ல வடிகட்டி இல்லாமல் அதில் வண்ணம் அடிக்கவே கூடாது. எண்ணெயில்லா வகையில் அந்தக் கவலை கிடையாது. ஆனால் அதன் பிஸ்டன் வளையங்கள் எண்ணெயின் துணையின்றித் தேய்வதால், எண்ணெய் அளவைப் பார்த்துப் பராமரிக்கப்படும் நல்ல இரும்புப் பம்பு உழைக்கும் அளவுக்கு அவை உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தொட்டியின் அடியில் தேங்கும் நீரை ஒவ்வொரு நாள் வேலைக்குப் பின்னும் வடித்துவிட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. உள்ளே துருப்பிடித்து மெலிந்த தொட்டி வெடிக்கும் அபாயம் உடையது.

பெரியதை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டியதில்லை. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல் குறைகிறது. இயந்திரத்தை வெளியே மழை படாத இடத்தில் வைத்து, 15 மீட்டர் ரப்பர் குழாயை உள்ளே கொண்டுவந்ததே நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய பலன் தந்தது. அதற்காக நீளமான மெல்லிய மின்கம்பியைப் போடக் கூடாது. மின்னழுத்தம் இறங்கி, மோட்டார் எழும்போது திணறிச் சூடாகும். கம்பியைக் குட்டையாகவும் குழாயை நீளமாகவும் வைப்பதே முறை. காலடியில் தடித்த ரப்பர் விரிப்பு வைத்தால் தரை வழியாகப் பரவும் அதிர்வு குறைகிறது. மரப்பெட்டிக்குள் மூடி வைக்கவும் முயன்றேன். சத்தம் தணிந்தது, ஆனால் வெப்பம் வெளியேற வழியின்றிப் போய்விட்டது. பம்பின் தலைப்பகுதி கொதிநீரைவிடச் சூடாகும் இயந்திரத்தைக் காற்றோட்டமின்றி அடைப்பது ஆபத்து.

மூன்றாவது வழியும் இருக்கிறது. பெல்ட் மூலம் ஓடும், பெரிய இரும்புப் பம்பு கொண்ட இயந்திரங்கள் மெதுவாகச் சுழன்றே நிறையக் காற்றைத் தருகின்றன. அவற்றின் சத்தம் தாழ்ந்த குரலில் இருப்பதால் காதைக் குத்துவதில்லை. ஆனால் அவை கனமானவை, ஓரிடத்தில் நிலையாக நிற்பவை, எழும்போது அதிக மின்னோட்டத்தை இழுப்பவை. தனிப் பட்டறையும் அதற்கேற்ற மின்னிணைப்பும் உள்ளவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

குடும்பம் வாழும் வீட்டில், சுவருக்கு அப்பால் யாரோ ஒருவர் உறங்கும் இடத்தில், ஆணி, டயர், ஏர்பிரஷ், தூசி ஊதுதல் என்ற அளவில் வேலை இருப்பவர்கள் தயக்கமின்றிச் சத்தம் குறைந்ததையே வாங்கலாம். மூன்று ஆண்டுகளில் பெரியதை நான் இயக்கிய நாள்களைவிட, சத்தத்துக்கு அஞ்சி வேலையைத் தள்ளிப்போட்ட நாள்கள் அதிகம். சிறியது வந்த பிறகு இரவு எட்டு மணிக்கும் வேலை நடக்கிறது. வாரந்தோறும் சக்கரம் கழற்றுபவரும் வண்ணம் அடிப்பவரும் மட்டும் பெரியதை நினைக்கலாம்.

கடைக்குப் போகும்போது உங்கள் கருவிகள் கேட்கும் காற்றளவைக் குறித்துக்கொண்டு போங்கள். விற்பவரிடம் தொட்டியை 6 பாரிலிருந்து 8 பாருக்கு நிரப்பிக் காட்டச் சொல்லி, ஒரு மீட்டர் தள்ளி நின்று, வினாடிகளை எண்ணுங்கள். நிரம்பி நின்ற பின் ஐந்து நிமிடம் காத்திருந்து அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கசியும் இயந்திரம் சுவிட்சை அணைக்க மறந்த இரவில் தானாக எழுந்து ஓடும்.