புறக்கோட்டை ஸ்பீக்கர் மைக்: செருகும் பின்னைப் பார்த்து வாங்குங்கள்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய இந்த இரட்டைப் பின் ஸ்பீக்கர் மைக் (வோக்கி-டோக்கியில் வயரால் செருகிப் பேசவும் கேட்கவும் உதவும் மைக்), கென்வுட் வகை 3.5, 2.5 மில்லிமீற்றர் பின்கள் கொண்டது. பாவோஃபெங் யூவி-5ஆர் என்ற வோக்கி-டோக்கி செட்டுக்குப் பொருந்தும். சத்தம் தெளிவு, சந்தை இரைச்சலிலும் கேட்கிறது.

குறை பின்னில்தான். றப்பர் விளிம்பு செட்டின் உடலில் இடிப்பதால் பின் முழுதாக இறங்காமல் மயிரிழை வெளியே நிற்கிறது. அப்போது பேசும் பொத்தானை அழுத்தாமலே செட் ஒலிபரப்பத் தொடங்கி, எல்லோருக்கும் அலைவரிசையை அடைத்துவிடும். விளிம்பைக் கத்தியால் மெல்லச் சீவினால் சரி.

செட்டின் ஒலிபரப்பு வலு 5 வாட்டில் இருக்கும்போது குரல் கரகரத்து 1 வாட்டில் தெளிந்தால், அன்ரனாவின் அலை மைக் வயருக்குள் புகுகிறது; அதைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தை வயரில் மாட்டுங்கள். வாயிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளிப் பேசுங்கள். மழைக்கு இது ஆகாது. செட் இடுப்பில் இருந்தால் உடம்பே அலையை விழுங்கும். தூரத் தொடர்புக்குச் செட்டைக் கையில் உயர்த்திப் பிடிப்பதே மேல்.