கிராங்க் ஆட்டம்: கையா, டயல் கேஜா, ஃபீலர் கேஜா?

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குத் தினமும் போய்வரும் கார் என்னுடையது. 2,30,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. தொப்பூர் கணவாயில் முன்னால் லாரிகள் ஊர்ந்தால் என் இடது கால் தானாகக் கிளட்ச் மேல் போய் உட்கார்ந்துவிடும். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் ஐடிலில் அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றது, விட்டால் திரும்ப வந்தது.

ஒரு பட்டறையில் “கிராங்க் போச்சு சார், இன்ஜினை இறக்கணும்” என்றார்கள். இன்னொன்றில் “கிளட்ச் பேரிங்தான்” என்றார்கள். இரண்டு இடத்திலும் யாரும் எதையும் அளக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிராங்க் ஷாஃப்ட் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முக்கியத் தண்டு. அது நீளவாக்கில் கொஞ்சம் நகரத்தான் வேண்டும், ஆயில் படலத்துக்கு இடம் வேண்டுமே. பல கார்களில் இந்த எண்ட் ப்ளே 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கலாம். சரியான எல்லை அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டாமல் பிடித்து வைப்பவை பிறை வடிவத் த்ரஸ்ட் வாஷர்கள். நாலு சிலிண்டர் இன்ஜினில் பெரும்பாலும் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் நடுவில் உள்ளதில் இருக்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பக்கம், அதன் முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி பக்கம், தள்ளப்படுகிறது. அதனால் ஒரு பக்கத்து வாஷர்தான் அதிகம் தேயும்.

கையால் பார்ப்பது எல்லோரும் முதலில் செய்வது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் புல்லியைப் பார்ப்பார். கண்ணுக்கே பளிச்சென்று தெரியும்படி புல்லி நகர்ந்தால் சந்தேகப்படலாம். ஆனால் நகரவில்லை என்பதை வைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கிராங்க் ஏற்கெனவே முன்பக்கம் ஒட்டி நின்றிருந்தால் மிதித்தாலும் அசையாது. ஒவ்வொரு முறையும் அதைப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். காதை நம்புவதும் இப்படித்தான், புல்லி போல்ட் லூசாக இருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் கேட்கும்.

நான் நம்புவது டயல் கேஜைத்தான், நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் கருவி அது. கிருஷ்ணகிரியில் லாரி இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் காந்த ஸ்டாண்டை இன்ஜின் பிளாக்கில் ஒட்டினார். கேஜின் முனையைப் புல்லியின் நடு போல்ட் தலையில், ஷாஃப்டுக்கு நேர்கோட்டில் வைத்தார். “விளிம்புல வைக்கக் கூடாதுங்க, நடுவுல ரப்பர் இருக்கு, அது வளைஞ்சு பொய் சொல்லும்” என்றார். அப்புறம் கியர்பாக்ஸ் பக்கத்து மூடியைக் கழற்றி, லீவரால் ஃப்ளைவீலை (கிராங்கின் பின்முனையில் உள்ள கனமான சக்கரம்) மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தார். மறுபக்கம் தள்ளினார். முள் கிளம்பி 0.42-இல் நின்றது. மூன்று தடவை செய்தார், மூன்றும் ஒரே அளவு. என் இன்ஜினுக்கு மேனுவல் தரும் எல்லை 0.30. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

ஆனால் எது தேய்ந்தது என்று டயல் கேஜ் சொல்லாது. வாஷர் மட்டுமா, வாஷரில் உரசும் கிராங்கின் முகமே அரித்துவிட்டதா? இதற்கு ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் வேண்டும், அதற்குச் சம்பை இறக்க வேண்டும். பல வண்டிகளில் சைலன்சர் குழாயையும் கழற்றித்தான் சம்பை இறக்க முடியும். கிராங்கை ஒரு பக்கம் தள்ளிவைத்து, வாஷருக்கும் கிராங்குக்கும் நடுவில் தகடு நுழைகிறதா என்று பார்ப்பார்கள். வாஷர் ஒருசாய்வாகத் தேய்ந்திருந்தால் தகடு மேடான இடத்தில் முட்டி அளவைக் குறைத்துக் காட்டும். அளவுக்காக மட்டும் சம்பை இறக்குவது வீண் என்பது என் எண்ணம். இறக்கியபின் கண்ணுக்குத் தெரிபவைதான் முக்கியம்: சம்பின் அடியில் காந்தத்தில் ஒட்டாத பளபளப்புத் துகள்கள், கிராங்க் முகத்தில் நகம் மாட்டும் கோடுகள், சூட்டில் நீலம் பாய்ந்த நிறம்.

என் வண்டியிலும் சம்பை இறக்கிப் பார்த்தோம். எனக்கு அதிர்ஷ்டம். கிராங்க் முகம் வழவழவென்று இருந்தது. கோடு விழுந்திருந்தால் கிராங்கை வெளியே எடுத்து லேத்தில் தேய்த்து, தடிமன் கூடிய ஓவர்சைஸ் வாஷர் போட வேண்டியிருக்கும். என் இன்ஜினில் வாஷர் பேரிங்கோடு சேராமல் தனியாக வருவதால் மேல்பாதியைச் சுற்றி நழுவவிட்டே மாற்ற முடிந்தது. ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்கிறதா என்று அண்ணன் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். திருப்பிப் போட்டால் சீக்கிரமே கரைந்துவிடுமாம்.

எல்லாவற்றையும் மூடியபிறகு அதே போல்ட் தலையில் இன்னொரு தடவை கேஜை வைக்கச் சொன்னேன். முள் 0.16-இல் நின்றது.