மூன்று பேண்ட் சொல்லு, ஒன்று தருகிறேன்: ஒரு பாட்டு ஆப்போடு ஏழு வருஷம்

அக்கா மகன் திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். போன வாரம் கூப்பிட்டான். "மாமா, நீங்க வச்சிருக்கிற பாட்டு ஆப்புல வருஷ சந்தா பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. கட்டலாமா? பாட்டு கேட்கிறதுக்கு இல்ல, அது எங்க வேணா கேட்டுக்கலாம். எனக்குப் பிடிச்ச பேண்டை வச்சுப் புதுசா ஏதாவது கண்டுபிடிச்சுத் தருமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான். போனில் ஒரு தரம் கட்டு என்றேன், ஒரு தரம் வேண்டாம் என்றேன். வைத்த பிறகு எனக்கே திருப்தியில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒலித்தரம், டவுன்லோடு, விளம்பரம் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. அவன் கேட்டது பரிந்துரையைப் பற்றி. எனக்கும் அதில்தான் ஏழு வருஷக் கோபம் இருக்கிறது.

2018-ல் சிறுசேரி கம்பெனியில் சேர்ந்தபோது இந்த ஆப்பைப் போட்டேன். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர ஒன்றரை. அவ்வளவு நேரத்துக்குப் பாட்டு வேண்டும். சேரும்போதே எந்தெந்த மொழி என்று கேட்டது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் தொட்டேன். அன்றைக்கு என்னைப் பற்றி அது பிடித்துக்கொண்ட முடிவை இன்றுவரை விடவில்லை.

காலையில் அவியல் போடுவேன். 2008-ல் முதல் ஆல்பம் கொண்டுவந்த கேரளத்து பேண்ட். மலையாள நாட்டுப்புற வரிகளை எடுத்து அதன்மேல் கரடுமுரடான கிட்டாரை ஏற்றுவார்கள். பஸ் பெருங்குடி தாண்டும்போது பாட்டு முடியும், அடுத்ததை ஆப் தானாகவே போடும். வருவது மலையாள சினிமா டூயட். புல்லாங்குழல், வயலின், மெதுவான தாளம். பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திருவிழாவில் பறை பக்கத்தில் நின்று ஆடிக்கொண்டிருப்பவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ரிசப்ஷன் நாற்காலியில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? மறுநாளும் அதே. தமிழில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போட்டாலும் இதே கதை. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த சென்னைப் பாட்டு முடிந்த கையோடு தமிழ் சினிமா மெலடி. மொழி ஒன்றாக இருந்தால் ரசனையும் ஒன்றுதான் என்று எங்கோ முடிவெடுத்து வைத்திருக்கிறது.

சும்மா திட்டிக்கொண்டிருக்கவில்லை, திருத்தவும் பார்த்தேன். 2021-ல் இரண்டு மாதம் விடாமல், நடுவில் நுழைந்த ஒவ்வொரு சினிமாப் பாட்டுக்கும் 'பிடிக்கவில்லை' பொத்தானை அழுத்தினேன். ஆப்பும் கற்றுக்கொண்டது. என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? இவனுக்கு மலையாளமே ஆகாது என்று. எனக்கு வரும் பட்டியலில் இருந்து அவியலையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. அந்த வாரம் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

கோபம் ஆறிய பிறகு, இது ஏன் இப்படிச் செய்கிறது என்று படித்துப் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால் அதன் கணக்கில் தப்பில்லை. இந்த வேலையை முதலில் செய்து காட்டியவற்றில் ஒன்று ரிங்கோ. 1994-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் உபேந்திர ஷார்தானந்தும் பேட்டி மேஸும் செய்தது. ஈமெயிலில்தான் எல்லாம். பாடகர்களுக்கும் பேண்டுகளுக்கும் 1 முதல் 7 வரை மார்க் போட்டு அனுப்பவேண்டும். உங்களைப் போலவே மார்க் போட்ட ஆட்களை அது தேடிப் பிடிக்கும். அவர்களுக்குப் பிடித்து, நீங்கள் இன்னும் கேட்காதது எதுவோ அதை உங்களுக்கு அனுப்பும். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை, யார் யார் சேர்ந்து கேட்கிறார்கள் என்றுதான் பார்க்கும். இன்றைய ஆப்கள் இதோடு வேறு பலவற்றையும் சேர்த்துக்கொண்டாலும் அடியில் ஓடுவது பெரும்பாலும் இதே யோசனைதான். அவியல் கேட்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகளாகத்தான் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் சினிமாப் பாட்டும் ஓடும். ஆகவே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எந்த ஆங்கில கிட்டார் பேண்டைப் போட்டாலும் நாலாவது பாட்டு கோல்ட்பிளேயாக வருவதும் இதனால்தான். எல்லோரும் கேட்பது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருக்கும்.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பண்டோரா என்ற பாட்டு சேவையில் இசை தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பாட்டையும் கேட்கச் சொல்லி, குரல் எப்படி, தாளம் எப்படி, கிட்டார் எப்படி என்று நூற்றுக்கணக்கான குணங்களைக் குறித்து வைத்தார்கள். இந்தியாவில் அது கிடைக்காது. எனக்கு அந்த வேலையைச் செய்துகொடுத்தது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன்தான்.

அவன் டெஸ்டிங் டீம், நான் சப்போர்ட். பன்னிரண்டாவது வரை மிருதங்கம் கற்றவன், பிறகு மெட்டல் ராக் பக்கம் போய்விட்டான். முதல் நாள் என் காதில் இருந்து ஒரு இயர்போனைக் கேட்டு வாங்கிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உனக்குப் பிடிச்ச மூணு பேண்ட் சொல்லு, நான் ஒண்ணு தர்றேன்" என்றான். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தக் கொடுக்கல் வாங்கல். போகப்போக ஒழுங்குகள் சேர்ந்தன. மூன்று பேண்ட் பேரைச் சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் எது பிடிக்கும் என்று ஒரு வரி சொல்லவேண்டும். அப்புறம், உனக்குக் கட்டாயம் பிடிக்கும் என்று ஊரே சொல்லி, உனக்குப் பிடிக்காமல் போன ஒரு பேண்டையும் சொல்லவேண்டும். இந்தக் கடைசிக் கேள்விதான் பாதி வேலையை முடித்துவிடும். பிடித்ததைச் சொல்லும்போது பழக்கமும் கலந்து வரும். பிடிக்காததைச் சொல்லும்போதுதான் ஆள் என்ன தேடுகிறான் என்று தெரியும்.

நான் சொன்ன மூன்று: மதர்ஜேன், டெல்லி பேண்டான இந்தியன் ஓஷன், அவியல். மதர்ஜேனில் எது என்று கேட்டான். கொச்சி பேண்ட், ஆங்கிலத்தில் பாடுவார்கள், ஆனால் எனக்குப் பாட்டைவிட பைஜு தர்மஜனின் கிட்டார். "கிட்டார் பாடுற மாதிரி இருக்கும்டா, கமகம் எல்லாம் விழும்" என்றேன். மறுநாள் காலை சீட்டில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டான்: "நீ கேட்கவேண்டியது சக்தி."

எழுபதுகளில் ஜான் மெக்லாஃப்ளின் என்ற இங்கிலாந்து கிட்டார்காரர், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் இவர்களோடு தொடங்கிய குழு. அதற்காகவே மெக்லாஃப்ளின் தனியாக ஒரு கிட்டார் செய்து வாங்கினார். விரல் அழுத்தும் பலகையைக் கட்டைகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கியிருப்பார்கள், வீணையில் போல கம்பியை அழுத்தி இழுக்கலாம். ஒலித்துளைக்குக் குறுக்கே ஏழு கம்பிகள் தனியாக. இதையெல்லாம் அவன் ஜன்னல் கண்ணாடியில் ஊதி, அந்த ஆவியில் விரலால் படம் போட்டுக் காட்டினான். ராக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வீட்டில் பாட்டி கேட்ட கச்சேரிக்குள் நுழைய அன்றைக்குத்தான் கதவு திறந்தது.

இது 2019-ல். ஆப் எனக்குச் சக்தியை முதன்முதலாகப் பரிந்துரைத்தது 2024 பிப்ரவரியில், அவர்கள் கிராமி விருது வாங்கிய வாரத்தில். ஐந்து வருஷம். அதற்குள் மதர்ஜேனை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

டூல் விஷயமும் சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் பேண்ட், தொண்ணூறுகளில் இருந்து பெரிய பேர். ஆனால் 2019 ஆகஸ்ட் வரை அவர்கள் எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் பாட்டைக் கொடுக்கவில்லை. கடையிலேயே இல்லாத சரக்கை ஆப் எப்படி எடுத்துக் காட்டும்? அவன் சொந்தக் காசில் வாங்கிய சிடிக்களை வைத்திருந்தான். அதிலிருந்து ஏற்றிய ஒரு பாட்டை அவன் போனிலேயே கொடுத்தான். சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கேட்காத, எண்ணு" என்றான். முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்ட ஆரம்பித்தான். ஒன்பது முடிந்ததும் ஒரு தட்டு. அடுத்து எட்டு. அடுத்து ஏழு. மறுபடி ஒன்பது. ஒவ்வொரு சுற்றும் ஒரு எண் குறைய, தரை கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிற மாதிரி இருந்தது. மூன்று தடவை தப்பினேன். நாலாவது தடவை என் விரலும் அவன் விரலும் ஒரே நேரத்தில் கம்பியில் விழுந்தன. அந்த டிரம்மர் டேனி கேரி தபலாவும் கற்றவர் என்று அதற்குப் பிறகுதான் சொன்னான். முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த எண்ணிக்கை என் கைக்கு வந்திருக்காது.

சரி, ஆப்புக்கு வருகிறேன். இவ்வளவு திட்டிவிட்டு அது செய்த நல்லதைச் சொல்லாமல் போனால் அநியாயம்.

2020, ஊரடங்கு. பஸ் இல்லை, பக்கத்து சீட்டும் இல்லை. ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், காதில் இந்தியன் ஓஷன். அது முடிந்ததும் ஆப் வேறு ஒன்றைப் போட்டது. ஒரு கிட்டார், அதற்குக் கீழே கைதட்டல், அப்புறம் கூட்டமாகச் சேர்ந்து பாடும் குரல்கள். மொழி என்னவென்றே தெரியவில்லை. கையில் எடுத்த வேட்டியைத் தோளில் போட்டபடி பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றேன். தினாரிவென். சஹாராவின் துவாரெக் மக்கள், தமாஷெக் மொழியில் பாடுகிறார்கள். குழுவைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபிப் சின்ன வயதில் தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் ஒயர் வைத்து முதல் கிட்டாரைத் தானே செய்துகொண்டவர். இந்தியன் ஓஷனில் எனக்குப் பிடித்தது அந்தக் கூட்டுக்குரலும், அவசரப்படாமல் ஓடும் கிட்டாரும். அதை நான் ஆப்பிடம் சொன்னதே இல்லை. என் மொழி எது, நாடு எது என்று பார்க்காமல் சரியாக அந்த இடத்தைத் தொட்டது. எந்த மனிதரும் எனக்கு இதைக் கொடுத்திருக்க மாட்டார்கள், எனக்குத் தெரிந்த யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

அன்றிரவே பக்கத்து சீட்டுக்காரனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி: "இதுக்கு ஈடா கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லடா." எங்கள் கணக்கில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

காசு கட்டாமல் பார்க்க மியூசிக் மேப் என்று ஒரு தளம் இருக்கிறது. ஒரு பேண்ட் பேரைப் போட்டால் அது நடுவில் நிற்கும், மற்ற பேர்கள் சுற்றி மிதக்கும். பக்கத்தில் இருந்தால் இரண்டையும் விரும்புகிறவர்கள் அதிகம் என்று அர்த்தம். அதே ஆட்களுடைய இன்னொரு தளம் மூன்று பேண்ட் பேர் கேட்டுவிட்டு நாலாவதைச் சொல்லும், எங்கள் பஸ் விளையாட்டு மாதிரியே. கணக்கு திறக்கவேண்டாம், என்ன மொழி என்று கேட்காது. இரண்டையும் மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது தீர்ப்பு. தினாரிவென் ஒன்றுக்காகவே ஏழு வருஷம் கட்டிய பணம் எனக்குத் தகும். அதை மனசாரச் சொல்கிறேன். இருந்தாலும் மருமகனே, கட்டாதே. நேற்று காலைகூட அவியலுக்குப் பிறகு அதே டூயட் வந்தது. பக்கத்து சீட்டுக்காரன் வேலை மாறி ஹைதராபாத் போய் இரண்டு வருஷமாகிறது, அந்த சீட்டில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். ஜனவரியில் என் சந்தா முடிகிறது, நான் புதுப்பிக்கப் போவதில்லை.

இதை மருமகனிடம் சொன்னதும், "அப்ப புதுசா கேட்க என்ன பண்றது?" என்றான். மூன்று சொல்லு என்றேன். லிங்கின் பார்க், பிங்க் ஃபிளாய்டு, கர்நாடக இசையை ராக்கோடு கலக்கும் பெங்களூர் பேண்ட் அகம். ஊரே சொல்லிப் பிடிக்காமல் போனது இமாஜின் டிராகன்ஸ், "அடுத்து என்ன வரும்னு முன்னாடியே தெரிஞ்சிடுது மாமா" என்றான். அகத்தில் எது பிடிக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "தாளம் எங்கயோ போயிடும், அவ்வளவுதான் விட்டாச்சுன்னு நினைக்கிறப்ப கரெக்டா வந்து விழும்."

சோழிங்கநல்லூர் சிக்னலில் கேட்ட அந்தப் பாட்டை அனுப்பினேன். கூடவே எழுதினேன்: கேட்காதே, எண்ணு. 9, 8, 7.

ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது. "எட்டுல விட்டுட்டேன் மாமா. முதல்ல இருந்து போடுறேன்."